ஒன்பது முடிச்சுகள்

கோபத்தில் தொடங்கிய வேலை அது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், முரசுமோட்டைப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் நான் விஞ்ஞானம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். தீவுப்பகுதியில் இருந்து போரால் இடம்பெயர்ந்த பிள்ளைகள் எங்கள் வகுப்புகளில் வந்து சேர்ந்தார்கள். எங்கள் வயல்காரப் பிள்ளைகள் அவர்களைக் கண்டால் மூக்கைப் பொத்தினார்கள். மீன் வெடுக்காம். ஏசிப் பார்த்தேன், ஒரு கிழமைகூடத் தாக்குப்பிடிக்கவில்லை. ஒரு கண்காட்சி வைத்துத் தீவாரின் கடலையும் தொழிலையும் ஊருக்குக் காட்டுவோம், அதன்பிறகு ஆர் மூக்கைப் பொத்துகிறார் என்று பார்ப்போம் என்று பள்ளி அதிபரிடம் போய் நின்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, செலவு வைக்கக்கூடாது என்று மட்டும் சொன்னார்.

தீவு மக்கள் ஓடிவரும்போது கடலையா தூக்கி வந்திருப்பார்கள்? ஆனாலும் கேட்கக் கேட்கப் பொருள்கள் வந்தன. காய்ந்த கடற்குதிரை இரண்டு, ஆமை ஓடு, சங்கு, நட்சத்திரமீன், கருவாடுபோல் சுருங்கிய கடலட்டை. பழைய கலண்டர்த் தாள்களின் பின்பக்கத்தில் நான் பெயர் எழுதினேன்.

கடைசியாக வந்தவர் ஓர் அக்கா. நாற்பது வயது இருக்கும். இங்கே வந்த முதல் வருடமே அவருடைய கணவரை மலேரியா கொண்டுபோய்விட்டது. அக்காவின் தம்பி எங்கள் ஊர் வயல்களில் கூலிக்கு நின்றான். அக்கா சேலைத் துண்டில் சுற்றி ஒரு கயிறு கொண்டுவந்தார். நுனியில் ஈயக்குண்டு.

“இதில அவரின்ரை கடல் முழுக்க இருக்கு, ரீச்சர். ஊருக்குப் பாதை திறந்தால் தம்பி இதைப் பிடிச்சுத்தான் தொழிலுக்குப் போகவேணும். அதுவரைக்கும் பத்திரம்.”

இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் மேசை ஒழுங்குபடுத்தும் அவதியில் இருந்தேன். நாளைக்கு எல்லாருக்கும் முன்னால் நீங்களே சொல்லுங்கோ அக்கா என்று அவரை அனுப்பிவிட்டேன். அந்த ஐந்து நிமிடத்தை மிச்சம் பிடித்து நான் என்ன செய்தேன் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

பின்னேரம் கயிற்றைக் கையில் எடுத்தேன். அழுக்கும் உப்பும் பிடித்து விறைத்துக் கிடந்தது. நெடுக முடிச்சு. நான் மாடு கட்டும் வீட்டில் வளர்ந்தவள். கயிற்றில் முடிச்சு விழுந்தால் மாட்டின் காலில் சிக்கும் என்று அப்பா எங்களை இருத்திவைத்து அவிழ்க்கச் செய்வார். முடிச்சைக் கண்டால் என் கை சும்மா இராது. நகம் போதாத இடத்தில் பல்லால் கடித்து இழுத்து, ஒன்றுவிடாமல் அவிழ்த்தேன். பிறகு வாளித் தண்ணீரில் ஊறவைத்து, வேலியில் இழுத்துக் கட்டிக் காயவிட்டேன். ‘ஆழம் அளக்கும் கயிறு’ என்று அழகாக எழுதியும் வைத்தேன். அவ்வளவு பெருமை எனக்கு.

மறுநாள் சனம் நிறைந்துவிட்டது. கடலைக் கண்ணால் காணாத எத்தனையோ பேர் கடற்குதிரையை எட்டி எட்டிப் பார்த்தார்கள். மூக்கைப் பொத்திய பிள்ளைகள்தான் முன்வரிசை. அக்கா கயிற்றை எடுத்துக்கொண்டு பேசத் தொடங்கினார். குண்டைக் கடலில் இறக்கினால், அது நிலம் தட்டும் ஆழம் எந்த முடிச்சில் வருகிறதோ அந்த இடத்தில் வள்ளம் நிற்கிறது என்று அர்த்தமாம். இப்படி ஒன்பது முடிச்சு. முதலாவது, ஓரா மீன் மேயும் கடற்புல். ஒன்பதாவது, கலவாய் மீன் கிடக்கும் கற்பார், கடலடிப் பாறை. கணவர் ஒவ்வோர் இடமாக, இரண்டு கையும் விரித்த நீளம் ஒரு பாகம் என்ற கணக்கில் அளந்து கட்டியது.

சொல்லிக்கொண்டே கயிற்றைக் கைக்குள் ஓடவிட்டார். கை நிற்கவில்லை. குண்டுவரைக்கும் வழுக்கிக்கொண்டு போனது. திரும்ப நுனியில் இருந்து தடவினார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் அதிபரைப் பார்த்தேன்.

“அவ்வளவுதான்,” என்று சனத்துக்குச் சொல்லிவிட்டு அக்கா கயிற்றைச் சுருட்டினார். எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன், வெட்கம்கெட்டவள்.

அடுத்தநாள் அவருடைய கொட்டிலுக்குப் போனேன். வழிநெடுக உண்மையைச் சொல்லிச் சொல்லிப் பழகிக்கொண்டுதான் போனேன். வாய் திறந்தபோது வந்தது வேறு.

“பிள்ளையள் ஆரோ அவிட்டுப்போட்டுதுகள் அக்கா. எந்தெந்த இடமெண்டு சொல்லுங்கோ, திருப்பிக் கட்டுவம்.”

“எத்தினையாம் பாகத்தில எண்டு அவருக்குத்தான் தெரியும், ரீச்சர். என்ரை கைக்கு முடிச்சு மட்டும்தான் தெரியும்.”

அடுப்பில் தண்ணீர் கொதித்தது. தேத்தண்ணி ஊற்றி, ஒரு துண்டுப் பனங்கட்டியும் வைத்து என்னிடம் நீட்டினார். கோபம் காட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

“பிள்ளையள் எண்டால் ரெண்டு மூண்டோட அலுத்துப்போய் விட்டிருக்குங்கள்,” என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

ஓம் அக்கா, நான்தான் என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். நான் பனங்கட்டியைக் கடித்தேன். பல்லால் இழுத்து அவிழ்த்ததில் முன்பல் இன்னும் வலித்துக்கொண்டிருந்தது.

பிறகு நாங்களும் இடம்பெயர்ந்தோம். அவர்கள் எந்தப் பக்கம் போனார்கள் என்று தெரியாது. அதற்கு முன் ஒருநாள் அந்தக் கொட்டில் பக்கமாகச் சைக்கிளில் போனேன். அந்தக் கயிற்றில் ஆடு கட்டியிருந்தார்கள். ஈயக்குண்டைக் காணவில்லை. நான் இறங்கவில்லை.