ஜாக்கியும் நாலு போல்ட்டும்

அந்தத் தையல்காரிக்கு ஊர் வைத்த பெயர் ஜாக்கி. வண்டியைத் தூக்கி நிறுத்துமே, அந்த ஜாக்கிதான். ஆளைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும். நாற்பத்து மூன்று கிலோ. கழுத்தில் தொங்கும் டேப்பையும் மடியில் கிடக்கும் கத்தரிக்கோலையும் கழித்தால் அதுவும் இல்லை. சட்டைக்குக் காலர் வைப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனால் அதைப் பற்றி யார் பேசினார்கள்? பேச்செல்லாம் டிராக்டர்தான்.

நடந்தது இவ்வளவுதான். அவள் புருஷனிடம் ஒரு பழைய டிராக்டர் உண்டு. ஓட்டுகிறவர் தலைக்கு மேல் வளைந்து நிற்கிற ஒரு இரும்புச் சட்டம் வண்டியோடு வந்தது. வண்டி கவிழ்ந்தாலும் ஆளை நசுக்க விடாது. தோப்புக்குள் போனால் கிளையில் இடிக்கிறதென்று மகானுபாவர் அதைக் கழற்றினார். தூக்கிப் போட மனசு வரவில்லை. கொல்லையில் நட்டு, கம்பி இழுத்துக் கட்டி, துணி காயப் போட வைத்துவிட்டார். அவர் உயிரைக் காக்க வேண்டிய சட்டம் ஈரப் போர்வையைச் சுமந்துகொண்டு நின்றது.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு மத்தியானம், வாய்க்கால் கரையில் வண்டியைத் திருப்பும்போது பின்சக்கரம் சறுக்கி டிராக்டர் ஒருக்களித்துச் சாய்ந்தது. அவர் தொடை மட்கார்டுக்கும் சேற்றுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. சாப்பாடு எடுத்துக்கொண்டு போனவள் தூக்குவாளியை எறிந்துவிட்டு ஓடினாள். முதலில் எஞ்சினை நிறுத்தினாள். பிறகு மட்கார்டின் விளிம்பைப் பிடித்துத் தூக்கினாள். நாலு விரல் உயரம் எழும்பியது. அவர் கையை ஊன்றி வெளியே புரண்டுவிட்டார்.

“உயிர் பயம் வந்தா உடம்பு ஒளிச்சு வச்சிருக்கிற பலத்தையெல்லாம் எடுத்து விடும்மா. ஆனா நாம கேட்டா வராது. வந்தாலும் சும்மா விட்டுட்டுப் போகாது” என்றார் டாக்டர். சும்மா விடவில்லைதான். இடுப்புத் தசை கிழிந்திருந்தது, இரண்டு நகம் போயிருந்தது. அன்றிலிருந்து அவளால் ஒரு குடம் தண்ணீர் தூக்க முடியவில்லை. அரை மணி நேரம் மிஷினை மிதித்தால் எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

ஊர் வாய்க்கு இதெல்லாம் எதற்கு! நாலு விரல் ஒரு முழமாயிற்று, முழம் ஆள் உயரமாயிற்று. முழங்கியவர்களில் முதல் ஆள் புருஷன்தான். டீக்கடையில் உட்கார்ந்தால் தொடைத் தழும்பைக் காட்டாமல் எழுந்திருக்க மாட்டார். சட்டத்தை மாட்டச் சொன்னால், “எனக்கென்ன பயம்? வீட்லயே ஜாக்கி வச்சிருக்கேன்!” என்பார். சுற்றி இருப்பவர்கள் சிரிப்பார்கள். அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போன நாளெல்லாம் அந்தச் சத்தம் திரும்பி வரும்வரை அவள் தையல் கோணிக்கொண்டே போகும்.

ஒரு காலையில் அவர் மறுபடியும் அதே வாய்க்கால் கரையை உழக் கிளம்பினார். பக்கத்து வீட்டு மெக்கானிக் வேலியோரம் நின்று பல் துலக்கிக்கொண்டிருந்தார்.

“அண்ணே, சட்டமும் இல்ல, பெல்ட்டும் இல்ல. அந்தக் கரைக்கா போறீங்க?”

“உங்க அண்ணி இருக்கால்ல, தூக்கிருவா!”

அவள் மிஷினை விட்டு எழுந்து வாசலுக்கு வந்தாள். டேப் கழுத்திலேயே கிடந்தது.

“இறங்குங்க. இப்பத் தூக்கிக் காட்டறேன். தூக்கிட்டா போயிட்டு வாங்க. தூக்கலேன்னா சட்டத்தை மாட்டணும்.”

“என்ன விளையாட்டு இது?”

“நீங்கதானே ஊரெல்லாம் சொல்றீங்க? இறங்குங்கன்னா!”

வேடிக்கை பார்க்க ஆள் சேர எவ்வளவு நேரம் ஆகும்? ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். அவள் குனிந்து அதே மட்கார்டை அதே இடத்தில் பிடித்தாள். ஏமாற்றவில்லை, உண்மையாகவே தூக்கப் பார்த்தாள். கழுத்து நரம்பு புடைத்தது, முகம் சிவந்தது. டிராக்டர் அசைந்தே கொடுக்கவில்லை. கூட்டத்தில் யாரோ ‘க்ளுக்’ என்று சிரித்தார்கள். அவள் மறுபடியும் மூச்சைப் பிடித்தாள். இடுப்பில் சுளீரென்று வலித்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“போதும், விடு! விடுன்றேன்ல!” என்று அவர் ஓடி வந்து தோளைப் பிடித்தார்.

“பார்த்துட்டீங்களா? அன்னைக்கு எப்படித் தூக்கினேன்னு எனக்கே தெரியாதுங்க. மறுபடி வரும்னு நம்பி உங்களை அனுப்பிட்டு என்னால உட்கார்ந்திருக்க முடியல. தினமும் செத்துப் பொழைக்கிறேன்.”

கூடியிருந்தவர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். அவர் அவளைத் தூக்கி நிறுத்தி, கைத்தாங்கலாக உள்ளே கொண்டுபோய் நாற்காலியில் உட்கார வைத்தார். பிறகு கொல்லைக்குப் போனார். கொடியில் கிடந்த போர்வையையும் சட்டைகளையும் ஒவ்வொன்றாக எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். மண்ணைத் தோண்டிச் சட்டத்தைப் பிடுங்கி, இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

“எல்லாம் சரி. போல்ட்டு நாலும் எங்க போச்சோ! மூணு வருஷம் ஆச்சு” என்று தலையைச் சொறிந்தார்.

அவள் மிஷின் இழுப்பறையைத் திறந்து பொத்தான் டப்பாவை எடுத்தாள். பொத்தான்களுக்கு அடியில் ஒரு துணி முடிச்சு. அவிழ்த்தால் நாலு போல்ட்டும் நட்டும், துரு இல்லாமல் பளபளவென்று.

“இத்தனை நாளா வச்சிருந்தியா?”

“மாசா மாசம் மிஷினுக்கு எண்ணெய் விடறப்ப, அதுக்கும் ரெண்டு சொட்டு விடுவேன்.”