மூன்றாம் பக்கத்தில் ஒரு தவறு

என் வீட்டுக்காரரைப் போலப் பணிவான மனிதரை நீங்கள் பார்த்திருக்க முடியாது. பார்த்திருந்தாலும் கவனித்திருக்க மாட்டீர்கள். பம்பு கம்பெனியில் அவருக்கு 'அப்படியே சார்' என்று பட்டப்பெயர். யார் எதைச் சொன்னாலும் "அப்படியே பண்ணிடலாம் சார்" என்பாராம். அந்தப் பெயர் என் காதுக்கு வந்துவிட்டது என்பது அவருக்குத் தெரியாது.

அவர் எழுதிப் பிழைப்பவர். கதை, கவிதை எல்லாம் இல்லை. கம்பெனிகளுக்கு விளம்பரத் தாள், ஆஸ்பத்திரிக்குக் கையேடு, முதலாளி மேடையில் வாசிக்க உரை. எந்த அலுவலகத்திலும் அவருக்கு நாற்காலி கிடையாது. கூப்பிட்டால் வேலை, கூப்பிடாவிட்டால் நாமாகப் போய்க் கதவைத் தட்ட வேண்டும். அவர் கையால் எழுதுவார், நான் கணினியில் தட்டுவேன். சமையலறையை ஒட்டி ஒரு சின்ன அறை, ஒரு மேசை, இரண்டு நாற்காலிகள். ஒன்றின் கால் ஆடும். அதில்தான் அவர் உட்காருவார், நான் சொன்னாலும் மாற மாட்டார்.

ஆரம்பத்திலேயே இப்படி இல்லை. அவர் வேலை பார்த்த பத்திரிகையை இழுத்து மூடிய பிறகு, முதல் இரண்டு வருடம் போன இடமெல்லாம் சண்டை. ஒரு ஓட்டல்காரர் ஒரே பக்கத்தில் 'உலகத்தரம்' என்று ஒன்பது தடவை வர வேண்டும் என்றார். இவர் எட்டை வெட்டிவிட்டு, ஏன் வெட்டினேன் என்று அரை மணி நேரம் பாடம் எடுத்துவிட்டு வந்தார். "உங்க தகுதிக்கு வேலை குடுக்க நமக்கு வசதி இல்லைங்க" என்று அனுப்பிவிட்டார்கள். நாலு இடத்தில் இதே பதில். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். எங்கள் வீட்டில் அந்த வாய்தான் சோற்றைக் கெடுத்தது.

பிறகு சிறுநீரக ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்கு ஒரு கையேடு வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போனார். இவருக்கு முன்னால் போன மூன்று பேர் தாங்கள் எழுதியதையெல்லாம் கோப்பில் கட்டிக்கொண்டு போயிருந்தார்கள். இவர் வெறும் நோட்டோடு போய் நின்றார். "எனக்கு இதைப் பத்தி ஒன்னும் தெரியாது டாக்டர். நோயாளிங்க காத்திருக்கிற எடத்துல ரெண்டு நாள் நானும் உக்காந்துக்கட்டுமா?" என்று கேட்டார். உட்கார்ந்தார். நர்சுகள் சொன்னதை, துணைக்கு வந்தவர்கள் புலம்பியதை எல்லாம் எழுதிக்கொண்டு வந்தார். டாக்டர் அந்தக் கையேட்டில் ஒரு வரியைக்கூட மாற்றவில்லை, தெரிந்தவர்களிடமெல்லாம் இவரைப் பற்றிச் சொன்னார். எனக்கு எவ்வளவு கோபம் இருந்தாலும் பொய் சொல்ல மாட்டேன்: அந்தப் பணிவு நிஜம். அது எங்களுக்குச் சோறு போட்டது.

டாக்டர் சொல்லித்தான் பம்பு கம்பெனி வந்தது. எட்டுப் பக்க விளம்பரப் புத்தகம். கம்பெனி தொடங்கிய வருடத்தை மூன்றாம் பக்கத்தில் நான் தவறாகத் தட்டிவிட்டேன். அனுப்பிய பிறகுதான் தெரிந்தது, இரண்டு பேருக்கும் உயிரே இல்லை. மறுநாள் மேனேஜர் போன் செய்தார். "நான் மட்டும் பாக்கலைன்னா கம்பெனி மானமே போயிருக்கும்ல!" குரலில் அப்படி ஒரு சந்தோஷம், லாட்டரி விழுந்தவர் மாதிரி. அந்த வாரமே இன்னும் இரண்டு வேலை கொடுத்தார்.

அந்த இரண்டையும் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்து, ஒரு குறை இல்லாமல் அனுப்பினோம். மேனேஜர் இரண்டு வாரம் வைத்திருந்தார். கை வைக்க இடம் கிடைக்காத எரிச்சலில் முழுவதையும் அடித்துத் திருப்பி எழுதி, நாசமாக்கி அச்சுக்குக் கொடுத்தார். என் வீட்டுக்காரர் அதை வாசித்துவிட்டு மேசைக்கு அடியில் தள்ளிவிட்டார். அடுத்த வேலையை என்னிடம் கொடுக்கும்போது, "மூணாம் பக்கத்துல ஒன்னு போட்டுடும்மா" என்றார்.

அன்றிலிருந்து அது என் பொறுப்பு. ஒரு வருடத்தை மாற்றுவேன், ஒரு மோட்டாரின் குதிரைத்திறனைக் கூட்டுவேன், கிளை இருக்கும் ஊரை மாற்றிப் போடுவேன். ரொம்பப் பெரிதாக இருந்தால் வேலை போய்விடும், ரொம்பச் சிறிதாக இருந்தால் அவர் கண்ணில் படாது. குழம்புக்கு உப்புப் போடுகிற மாதிரி கை தானாக அளவு கற்றுக்கொண்டது. மேனேஜர் சிவப்பு மையில் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்புவார், மற்ற வரிகளைத் தொட மாட்டார். நாங்கள் இரண்டு பேரும் அந்த வட்டத்தைப் பார்த்துச் சிரிப்போம். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. வெளியே பணிவு, உள்ளே அந்த மனிதரை முட்டாளாக்கிவிட்ட கர்வம்.

இப்படியே பன்னிரண்டு வருடம்.

போன மாதம் கம்பெனியில் எழுத்துப் பிரிவு ஒன்று தொடங்கி, அதற்கு ஒரு தலைவரைப் போடப் போவதாகத் தெரிந்தது. மாதம் பிறந்தால் சம்பளம், மருத்துவச் செலவு, உட்கார நல்ல நாற்காலி. அவருக்கு ஐம்பத்தொரு வயது. என் மணிக்கட்டு வீங்கி ஒரு வருடமாகிறது, எலும்பு டாக்டர் தட்டச்சை விடச் சொல்லிவிட்டார். இந்த வேலை கிடைத்தால் நான் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்காரலாம். எங்களுக்கு வேறு எந்தக் கதவும் இல்லை. அந்த வேலையைக் கேட்கப் போன அன்று சட்டையைத் தானே தேய்த்துக்கொண்டு, "நீயும் துணைக்கு வா" என்றார்.

நான் மேனேஜர் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பலகைத் தடுப்புதான், பேசுவது எல்லாம் கேட்டது.

மேனேஜர் கெட்டவர் இல்லை. தன் கையாலேயே தேநீர் ஊற்றிக் கொடுத்தார். பிறகு அலமாரியைத் திறந்து கோப்புகளை எடுத்து மேசை மேல் வைக்கும் சத்தம் கேட்டது.

"உங்க மேல எனக்கு ரொம்ப மரியாதை. உங்கள மாதிரி தன்மையான மனுஷங்க கிடைக்க மாட்டாங்க. ஆனா பாருங்க, பன்னெண்டு வருஷத்துல நான் திருத்தாம ஒன்னாவது போயிருக்கா? நீங்களே புரட்டுங்க."

காகிதம் புரளும் சத்தம்.

"இல்லைங்க சார்."

"தலைவரா வர்றவர் மத்தவங்க தப்பைப் பாக்கணும். உங்களப் போட்டா உங்க தப்பை யாரு பாப்பாங்க? நானும் அடுத்த வருஷம் ஓய்வு பெறப் போறேன்."

நான் எழுந்துவிட்டேன். உள்ளே போய், "அந்தத் தப்பெல்லாம் நான் போட்டது சார்" என்று கத்திவிடலாம் என்று கதவு வரை போனேன். போய் என்ன சொல்வது? உங்களைப் பன்னிரண்டு வருடமாக ஏமாற்றினோம் என்றா? அதற்குள் என் வீட்டுக்காரரின் குரல் கேட்டது.

"நீங்க சொல்றது சரிதாங்க சார்."

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது நாங்கள்தான்.

வேலை வெளியிலிருந்து வந்த ஒரு பெண்ணுக்குப் போனது. அவளை எல்லாக் கிளைகளுக்கும் அறிமுகப்படுத்தி ஒரு பக்கம் எழுத வேண்டும் என்று மேனேஜர் யாரைக் கூப்பிட்டார் என்று நினைக்கிறீர்கள்? இவர் "அப்படியே பண்ணிடலாம் சார்" என்றார். நான் அவர் பக்கம் திரும்பினேன்.

"வெக்கமா இல்லையா உங்களுக்கு?"

"வேலைதானேம்மா."

எழுதிக் கொடுத்தார். ஒரே பக்கம். யாரென்றே தெரியாத அந்தப் பெண்ணைப் பற்றி, அவள் கூட வேலை செய்ய வேண்டும் என்று வாசிப்பவருக்கு ஆசை வருகிற மாதிரி எழுதியிருந்தார். அவர் எழுதியதில் அவ்வளவு நல்லதாக வேறெதையும் நான் தட்டியதில்லை.

"நடுவுல ஒன்னு போட்டுடு" என்றார்.

"போட மாட்டேன்."

ஒரு புள்ளியும் மாற்றாமல் அனுப்பினேன். மேனேஜர் பார்க்கட்டும், இந்த மனிதன் யார் என்று ஒரு தடவையாவது பார்க்கட்டும் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை மேனேஜரிடமிருந்து போன் வந்தது. எனக்கும் கேட்கட்டும் என்று இவர் போனில் ஸ்பீக்கரைப் போட்டார்.

"பிரமாதம்! கை வைக்க எடமே இல்ல. அந்தப் பொண்ணு வந்து ஒரு வாரம்தான் ஆச்சு, அதுக்குள்ள உங்க எழுத்தே தேறிடுச்சு பாத்தீங்களா? அவங்க கிட்ட காட்டித்தானே அனுப்பினீங்க?"

நான் அவர் முகத்தையே பார்த்தேன். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். யாரையும் அவமானப்படுத்தாத, முழு உண்மையான வார்த்தை.

"ஆமாங்க சார். அவங்க கிட்ட கத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

அடுத்த மூன்று மாதத்துக்கு வேலை கொடுத்துவிட்டு மேனேஜர் போனை வைத்தார். குட்டக் குட்டக் குனிகிறவனைப் பார்த்திருக்கிறேன். குட்டாமலேயே குனிகிற மனிதரை அன்றுதான் பார்த்தேன். மணிக்கட்டு விண்விண் என்று தெறித்தது. நான் கணினியை அணைத்தேன்.

அவர் அந்த ஒரு பக்கத்தை எடுத்து நின்றபடியே வாசித்தார். இரண்டு தடவை வாசித்தார். பிறகு என்னிடம் மெதுவாக, நிஜமாகவே தெரியாத குரலில் கேட்டார்.

"ஏம்மா, உண்மையச் சொல்லு. நான் நல்லா எழுதுவேனா?"

அவரிடம் அந்தப் பதிலைச் சொல்ல உலகத்தில் நான் ஒருத்திதான் இருந்தேன். ஆனால் எனக்குக் கோபம் இன்னும் தீரவில்லை.

"எனக்கென்ன தெரியும்? மேனேஜரைக் கேளுங்க" என்றேன்.

"அதுவும் சரிதான்" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குக் காகிதம் எடுக்கப் போனார்.