கோழிக்குக் கொடுத்த சலுகை

எங்கள் வீடியோ கேமை ஆடி முடித்தவர்கள் கேட்பதெல்லாம் சில்லறைக் கேள்விகள்தான். முட்டை உடையும் சத்தத்தை எங்கே பிடித்தீர்கள் என்பார்கள். அது முட்டையின் சத்தமே இல்லை. நிஜ முட்டையை உடைத்தால் மைக்கில் ஈரத்துணி விழுந்த மாதிரிதான் கேட்டது. செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கட்டு அப்பளம் வாங்கிப் பொரித்து, ஒவ்வொன்றாக நொறுக்கிப் பதிவு செய்தோம். மிச்சத்தை ரசம் சாதத்துக்குத் தொட்டுக்கொண்டோம்.

நானும் என் கல்லூரித் தோழியும்தான் அந்தக் கேமைச் செய்தவர்கள். சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு மேல்மாடி அறைதான் எங்கள் ஆபீஸ். முட்டை லாரியிலிருந்து தப்பிக்கும் ஒரு கோழி, லாரிக் கூரை, மதில், மொட்டைமாடி என்று தாவித் தாவிப் போக வேண்டும். இடையில் பள்ளம் வரும். தாண்டாவிட்டால் விழுந்து மறுபடி முதலிலிருந்து. கோழி எப்படிக் குதிக்கிறது என்று பார்க்க நாமக்கல் பக்கம் ஒரு பண்ணைக்குப் போனோம். கண்ணுக்கெட்டிய தூரம் கோழிகள்; எல்லாம் கூண்டுக்குள் வரிசையாக நின்று தின்றுகொண்டிருந்தன. ஒன்றுகூடக் குதிக்கவில்லை, குதிக்க இடமும் இல்லை. கடைசியில் அயோத்தியாப்பட்டணத்தில் ஒரு வீட்டோரம் மேய்ந்த நாட்டுக்கோழியைத் தோழி துப்பட்டாவை வீசி மதில்மேல் ஏற்ற, நான் போனில் படம் பிடித்தேன். கோழி திருட வந்தவர்கள் என்று நினைத்து வீட்டுக்கார அம்மாள் விளக்குமாற்றோடு வந்துவிட்டார். கேமில் கோழியின் றெக்கையில் தெரியும் பதற்றம் எங்கள் கற்பனை அல்ல, அந்தக் கோழி அன்று பட்ட பாடு.

இதெல்லாம் சொன்னால் சிரிப்பார்கள். என் அண்ணனைப் பற்றி யாரும் கேட்டதில்லை, கேட்க அவர்களுக்கு வழியும் இல்லை.

அண்ணன் ரிக் லாரி டிரைவர். திருச்செங்கோட்டிலிருந்து போர்வெல் போடும் வண்டியை எடுத்துக்கொண்டு வடக்கே போனால் மாதக்கணக்கில் திரும்ப மாட்டார். என்னைவிட ரொம்ப மூத்தவர். நான் படித்தது அந்த வண்டி ஓடியதால்தான். போன வருஷம் அவருக்கு மூளையில் சின்னதாக ஓர் அடைப்பு. பேச்சு திரும்பியது, நடை திரும்பியது. வலது கை மட்டும் ஒரு கணம் பிந்தியே வந்தது. டம்ளரை நீட்டினால் வாங்குவதற்குள் கை ஒரு தரம் யோசிக்கும். இனி வண்டி ஓட்ட முடியுமா என்பதுதான் அண்ணி முதல் எல்லோர் மனதிலும் இருந்த கேள்வி. யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. டாக்டர் பார்க்கலாம், பார்க்கலாம் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

கைக்குப் பயிற்சி கொடுப்பதற்காக சேலம் வந்து என் வீட்டில் தங்கியவர், பகலெல்லாம் எங்கள் அறையில் வந்து உட்கார்ந்துகொள்வார். பொழுது போகட்டும் என்று கேம் கன்ட்ரோலரைக் கையில் கொடுத்தேன். லாரியெல்லாம் வருகிறது, ஒரு ஹாரன் இல்லையே என்றார். அவருக்காக ஒரு ஹாரன் பட்டன் வைத்தேன். அமுக்கினால் ஹாரன் அலறும், வேறொன்றும் நடக்காது. இன்றுவரை அதை ஏன் வைத்தோம் என்று தெரியாமல் ஆடுபவர்கள் ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள்.

பைபாஸில் ஒரு லாரிக்கும் அடுத்த லாரிக்கும் நடுவே இருக்கும் பள்ளத்தில்தான் அண்ணன் மாட்டிக்கொண்டார். ஓடிவந்து விளிம்பில் பட்டனை அமுக்க வேண்டும். கட்டைவிரல் கொஞ்சம் பிந்தும், கோழி விழும். எத்தனை முறை ஆடினாலும் அதே இடம். எங்கள் பக்கம் எதையும் தொடங்குவதற்கு முன் கோயிலில் பூக் கேட்பார்கள். வெள்ளைப் பூவும் சிவப்புப் பூவும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி சாமி முன்னால் போட்டு, ஒன்றை எடுப்பார்கள். நினைத்த பூ வந்தால் உத்தரவு. அண்ணன் அந்தப் பூவை எங்கள் கோழியிடம் கேட்டார்.

"இந்தப் பள்ளத்தத் தாண்டிப்போட்டன்னா வண்டியெடுப்பேன் சாமி. இல்லாட்டி இல்ல."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன்.

அந்தச் சமயத்தில் எனக்கும் தோழிக்கும் ஒரு சண்டை ஓடிக்கொண்டிருந்தது. ஆடிப் பார்த்த எல்லோரும், கீழே ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கும் பெண் உட்பட, தாங்கள் சரியாக அமுக்கியும் கோழி குதிக்கவில்லை என்றார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று நான் எரிந்து விழுந்தேன். எனக்கு மூக்குமேல் கோபம். கால் நழுவினால் நழுவியதுதான் என்பது என் கட்சி. தோழி நிதானக்காரி. கோழியின் கால் விளிம்பை விட்ட பிறகும், கண்ணிமைக்கும் நேரத்துக்குள் அமுக்கிவிட்டால் தரையில் நின்றது போலவே குதிக்கட்டும் என்றாள். இந்த வகை கேம்கள் பலவற்றில் இது உண்டு. ஆடுபவருக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. எல்லாம் தன் கைத்திறன் என்று அவர் நம்புவதில்தான் அதன் ருசி. கடைசியில் நான்தான் இறங்கி வந்தேன். அந்தச் சலுகைக்குப் 'போனாப் போகுது' என்று பெயர் வைத்துச் சேர்த்தோம்.

ஒரு விசேஷத்துக்காக ஊருக்குப் போயிருந்த அண்ணன் திரும்பி வந்து, வழக்கம்போல உட்கார்ந்து ஆடினார். கோழி பள்ளத்தைத் தாண்டியது. மறுபடி ஆடினார், மறுபடி தாண்டியது. அடைப்பு வந்ததிலிருந்து அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அவர் மாடிப்படிக்குப் போய் யாரிடமோ போனில் பேசிவிட்டு வந்தார்.

"ஓனருகிட்டச் சொல்லிப்போட்டேன். வெள்ளிக்கெழம வண்டியெடுக்கறேன்."

அவர் கோழியிடம் பூக் கேட்டது விளையாட்டுக்கு இல்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. தோழி என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். டாக்டர் எப்படியும் தடுத்துவிடுவார், நாம் ஏன் அவர் மனதை உடைக்க வேண்டும் என்று அவள் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னாள். அவளுக்கு என் அண்ணனின் குணம் தெரியாது. பூ வந்துவிட்டால் அவர் டாக்டர் வீட்டு வாசலைக்கூட மிதிக்க மாட்டார்.

நான் அவர் எதிரில் போய் உட்கார்ந்தேன். சுற்றி வளைக்க எனக்கு வராது. நீங்கள் பிந்தித்தான் அமுக்கினீர்கள், கோழி அப்போது காற்றில் இருந்தது, நாங்கள்தான் தாண்ட விட்டோம் என்று சொன்னேன். அவர் முகம் சிவந்தது. என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டியிருந்தால் தேவலை.

"அத எடுத்துப்போட்டுக் குடு" என்றார்.

தோழி புரோகிராமில் ஒரு வரியை மாற்றிக் கொடுத்தாள். அந்தச் சலுகையை நிறுத்தி வைக்கும் வசதி இன்றைக்கும் கேமின் செட்டிங்ஸில் ஒரு மூலையில் உண்டு, அது வந்தது இப்படித்தான். அண்ணன் ஆடினார். விழுந்தது. கையை உதறிவிட்டு ஆடினார். விழுந்தது. நாங்கள் இருவரும் வேறு வேலை செய்வது போலத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஹாரன் சத்தம்கூட வரவில்லை. சாயங்காலம் கீழே தெருவில் பிள்ளைகளை இறக்கிவிட்டு ஸ்கூல் பஸ் போன பிறகு கன்ட்ரோலரை மேஜைமேல் வைத்தார். இன்னும் கொஞ்ச நாள் போனால் கை சரியாகிவிடும் அண்ணா என்றேன்.

"ரோட்டுலயும் எதுக்க வந்தவன் எத்தன பேரு எனக்குப் போனாப் போகுதுன்னு ஒதுங்கியிருப்பான்" என்றார். "நான் அதெல்லாம் எங் கைத்தெறமைன்னு நெனச்சுட்டிருந்திருக்கறேன் சாமி."

பிறகு எங்கள் முன்னாலேயே ஓனருக்குப் போன் போட்டார். கை இன்னும் வரவில்லை என்றார். ஓனர் நல்ல மனிதர், ஒரு மாசம் வண்டியை நிறுத்தி வைக்கிறேன் என்று சொல்லியிருப்பார் போல. அண்ணன் குறுக்கே பேசாமல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"இல்லீங்க" என்றார். "வேற ஆளப் போட்டுக்குங்க."

போனை வைத்துவிட்டு, வலது கையை இடது கையால் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நான் அவர் முன்னாலேயே அழுதேன்.