குக்குறுவானுக்குப் போட்ட உளுந்துப் பத்து

முதல் அறிகுறி, அது வாயைத் திறக்காததுதான். ஆள் நிழல் பட்டாலே பறவைக் குஞ்சு வாயைப் பிளக்கும். இது சாக்குப் பைக்குள் கண்ணை மூடிக் கிடந்தது. வலது இறக்கை தொங்கியது.

கொண்டுவந்தவர் என் வீட்டுக்காரர். போடியிலிருந்து தினமும் ஜீப்பில் மலையேறி ஏலத்தோட்டத்துக்குப் போகிறவர். மழைக்கு முன்னால், செடிக்கு வெளிச்சம் விழுவதற்காக மேலே நிற்கிற மரங்களின் கிளைகளைக் கழிப்பார்கள். அவர் வெட்டிய பட்டுப்போன கொம்பில் ஒரு பொந்து இருந்திருக்கிறது. கொம்போடு குஞ்சுகளும் விழுந்தன. பிழைத்தது இது ஒன்றுதான். குக்குறுவான் குஞ்சு. மலையில் விடிந்ததிலிருந்து குட்ரூ குட்ரூ என்று உயிரை வாங்குமே, அந்தப் பச்சைப் பறவை.

"பொந்து இருக்கான்னு பாத்து வெட்ட மாட்டியாய்யா?"

"பாத்திருந்தா வெட்டியிருப்பனா?"

அதே கோபத்தோடு குஞ்சுக்குப் பழம் வாங்கக் கடைக்குப் போனேன்.

நான் பப்பாளி வாங்கி வருவதற்குள் அவர் வைத்தியத்தை முடித்திருந்தார். எங்கள் பக்கம் கை ஒடிந்தால் உளுந்து மாவையும் முட்டை வெள்ளைக்கருவையும் குழைத்துப் பத்துப் போட்டுக் கட்டுவார்கள். அவருடைய மணிக்கட்டே அப்படிச் சேர்ந்ததுதான். அதே பக்குவத்தைக் குஞ்சுக்கும் அப்பிவிட்டார். மனுஷன் கைக்குச் சரி. முளைத்து வருகிற சிறகில் அது ஓடாகக் காய்ந்து இறுகியது. குஞ்சு ஒரு பக்கமாகச் சாய்ந்து மூச்சுக்கு அல்லாடியது.

கால்நடை மருத்துவமனையில் எங்களுக்கு முன்னால் ஒரு கிடாயும் இரண்டு மாடுகளும் நின்றன. டாக்டரம்மா குஞ்சைப் பார்த்தார்.

"என்னம்மா இது, வடை சுடப் போறீங்களா? யார் போட்டது?"

வீட்டுக்காரர் என் முதுகுக்குப் பின்னால் போய்விட்டார்.

டாக்டரம்மா திட்டிக்கொண்டே வெந்நீர்ப் பஞ்சால் அந்த இறுகிய மாவை ஊறவைத்து, ஒரு சிறகும் பிய்யாமல் எடுத்தார். நடுவில் குஞ்சு அவர் விரலைக் கவ்வியது. "கடிக்கிறான். நல்ல சேதி" என்றார்.

இறக்கையில் ஹேர்லைன் முறிவு (எலும்பு இரண்டாகப் பிரியாமல் மயிரிழையாகக் கீறியிருப்பது). டீஹைட்ரேஷனும் இருந்தது (உடம்பில் நீர் வற்றிப்போவது). மெல்லிய துணியால் இறக்கையை உடம்போடு சேர்த்துக் கட்டினார். நெஞ்சை இறுக்கினால் பறவை செத்துவிடும் என்றார். வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். பழத்தின் ஈரமே போதும். உங்கள் கையில் ஒரு குஞ்சு இருந்தால் இதை மட்டுமாவது மறக்காதீர்கள். வைத்தியம் தெரிந்தவரிடம் ஓடுங்கள். நீங்களே மேதாவி ஆகாதீர்கள்.

"வனத்துறையில சொல்லிருங்க. வளக்குற ஆசை வேணாம். பறந்துச்சுன்னா எடுத்த எடத்துலயே விடணும். பறக்கலைன்னா ஆயுசுக்கும் கூண்டுதான்" என்றார் டாக்டரம்மா.

வனத்துறை ஆளும் அதையேதான் சொல்லி, பறக்கும்வரை என்னையே பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

நான் ஏலக்காய் தரம் பிரிக்கிற வேலைக்குப் போகிறவள். குஞ்சுக்கு அடிக்கடி இரை கொடுக்க வேண்டும் என்பதால் அட்டைப் பெட்டியோடு போனேன்.

"என்னக்கா, பேறுகாலம் முடிஞ்சு பிள்ளையோட வர்ற? சொல்லவே இல்ல" என்றாள் பக்கத்தில் உட்காருகிற செல்வி.

"அப்பன் ஜாடையா?" என்றாள் இன்னொருத்தி.

"வாயப் பாரு, அப்படியே நீதான்" என்றேன்.

சிரித்தவர்கள்தான் மறுநாள் ஆலம்பழம் பொறுக்கி வந்தார்கள். வீட்டுக்காரர் தோட்டத்துப் புழுக்களைக் கொண்டுவந்தார். பூச்சி மருந்து அடித்த தோட்டம். தூக்கி எறிந்தேன்.

டாக்டரம்மா கட்டைப் பிரித்த பிறகும் அது பறக்கவில்லை. பீரோ மேலிருந்து கல் மாதிரி விழுந்தது. நான் அழுதேன். அது அழவில்லை. எழுந்து, என் சேலையைக் கவ்விக் கவ்வி ஏறி, தோளில் எச்சமிட்டு, திரும்பவும் குதித்தது. விழுந்தது. ஏறியது. எனக்கு ஒருநாள் தலைவலி வந்தால் வீட்டையே ரெண்டாக்குவேன். இந்தப் பிடியளவு உயிருக்குத் தன்மேல் இரக்கமே கிடையாது. யாருக்கும் நன்றியும் கிடையாது. அந்தத் திமிரைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

ஒருநாள் விழாமல் பறந்துபோய் ஜன்னல் கம்பியைப் பிடித்தது.

வனத்துறை ஆளோடு மலைக்குப் போனோம். வெட்டிய மரத்துக்குப் பக்கத்து மரத்தில் ஒரு பட்ட கொம்பு அப்படியே நின்றது. எல்லாக் கிளையும் கழித்த இடத்தில் அது மட்டும் துருத்திக்கொண்டிருந்தது. தோட்டத்துச் சூப்பர்வைசர் என் வீட்டுக்காரரைப் பார்த்துக் கத்தினார்.

"அந்தக் கொம்ப ஏன்டா விட்ட?"

"குளவி இருக்குண்ணே. நீங்க வேணா ஏறிப் பாருங்க" என்றார் என் வீட்டுக்காரர்.

குளவியெல்லாம் இல்லை, பொந்துதான் இருந்தது. அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது, அவர் இப்போதெல்லாம் வெட்டுவதற்கு முன் அரிவாள் பிடியால் கொம்பைத் தட்டி, காதை வைத்துக் கேட்கிறார். என்னிடம் சொல்லவே இல்லை இந்த மனுஷன்.

பெட்டியைத் திறந்தேன். குஞ்சு நேராக அந்தக் கொம்புக்குப் போய் ஒட்டிக்கொண்டது. திரும்பிப் பார்க்கவில்லை. மேலே எங்கோ ஒரு குட்ரூ கேட்டது. அதை நோக்கிப் போய்விட்டது.

இப்போது என் நாள் கடிகாரப்படி ஓடுவதில்லை. காய் பிரித்துக்கொண்டிருக்கும்போதே கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தாமாகச் சேர்ந்து இல்லாத பழத்தை நசுக்கி நீட்டுகின்றன. குஞ்சின் பசி வேளை அது. எதிரே வாய் இல்லை. கை கொஞ்ச நேரம் அப்படியே நிற்கிறது. நானும் அதை அவசரப்படுத்துவதில்லை.