எடை கேட்ட சின்ன டாக்டர்

உள்ளங்கையைவிடக் கொஞ்சம்தான் பெரியது அந்தப் புத்தகம். கறுப்பு ரெக்சின் அட்டை, ஓரமெல்லாம் வியர்வை பட்டு வெளுத்திருக்கும். வெள்ளைக் கோட்டின் இடது பையில் அது எப்போதும் இருப்பதால் அந்தப் பக்கம் மட்டும் கோட்டு இறங்கித் தொங்கும். தெருமுனையில் வரும்போதே, சாய்ந்த தோளைப் பார்த்துச் சின்ன டாக்டர் வருகிறார் என்று சொல்லிவிடலாம். புதிதாகப் படிப்பை முடித்து வேலைக்கு வரும் டாக்டர்கள் பையில் வைத்துக்கொள்வதற்கென்றே அச்சடித்த கையேடு அது. எந்த நோய்க்கு எந்த மருந்து, எந்த வயதுக்கு எவ்வளவு, எந்த எடைக்கு எவ்வளவு என்று கட்டம் கட்டமாகப் போட்டிருக்கும். எல்லாம் இங்கிலீஷ். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கு அதில் எண்கள் மட்டும்தான் புரியும்.

சமீபத்தில் முழங்கால் வலிக்காக ஒரு டாக்டரிடம் போயிருந்தேன். சின்னப் பெண். நான் ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகளின் பெயரைக் கேட்டுக்கொண்டு, கைப்பேசியை எடுத்து எதையோ தேடிப் பார்த்துவிட்டுத்தான் மருந்து எழுதினாள். உட்கார்ந்திருந்த யாரும் முகம் சுளிக்கவில்லை. இவ்வளவுதானே சின்ன டாக்டரும் செய்தார் என்று எனக்குத் தோன்றியது.

அறுபதுகளின் நடுவில், காஞ்சிபுரம் பெரிய ஆஸ்பத்திரிக்கு உதவி டாக்டராக வந்த அவர், பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டின் முன் அறையை வாடகைக்குக் கேட்டார். பின்கட்டில் இரண்டு தறி ஓடிக்கொண்டிருக்கும். அந்தச் சத்தத்தில் எப்படித் தூங்குவீர்கள் என்று என் வீட்டுக்காரர் கேட்டதற்கு, "ஹாஸ்டல்ல இதைவிட மோசம், அங்க தறிக்குப் பதிலா பசங்க" என்று சிரித்தார். வீட்டில் நான், என் வீட்டுக்காரர், எங்கள் பெண் குழந்தை, ஐயம்பேட்டையில் கணவரை இழந்துவிட்டு எங்களோடு வந்து தங்கிய என் நாத்தனார், அவ்வளவு பேர்தான்.

எனக்குப் பிறவியிலேயே பயம். வெளியே போனால் அடுப்பை அணைத்தேனா என்று பாதி வழியில் திரும்பி வருவேன். குழந்தை தூங்கினால் மூக்கின் கீழே விரலை வைத்துப் பார்ப்பேன். மூச்சு வருகிறது என்று தெரிந்தும் மறுபடியும் வைப்பேன். வீட்டில் எல்லோரும் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். சின்ன டாக்டர் வந்த பிறகுதான் இந்த உலகத்தில் என் ஜாதிக்காரர் இன்னொருவர் இருக்கிறார் என்று எனக்குப் பட்டது. சாதாரணச் சளிக்குக்கூட மருந்தை மனதுக்குள் சொல்லிக்கொண்டு, அப்புறம் புத்தகத்தைத் திறந்து விரல் வைத்துப் பார்த்து, மூடி, ஏதோ சந்தேகம் வந்து மறுபடி திறந்து பார்த்துவிட்டுத்தான் எழுதுவார். பக்கங்களுக்கு அடையாளம் வைக்க வீட்டுக்காரர் கழிவுப் பட்டு நூலைத் துண்டு துண்டாக நறுக்கிக் கொடுத்திருந்தார். காய்ச்சலுக்கு அரக்கு, பேதிக்குப் பச்சை, குழந்தைகளுக்கு மஞ்சள்.

அதுதான் தெருவுக்குப் பிடிக்கவில்லை. எங்கள் தெருவில், பாவு பிடித்துச் சேலையில் பூ போடும்போது அடிக்கடி வரைபடத்தைப் பார்க்கிறவன் இன்னும் வேலை படியாதவன். நல்ல நெசவாளிக்குக் கண் தறியில், கணக்கு தலையில். அந்த அளவுகோலை அப்படியே டாக்டர் மேல் வைத்துவிட்டார்கள்.

"இன்னா டாக்டரே, பரீச்சை இன்னும் முடியலியா?" என்பார் எதிர்வீட்டுக்காரர்.

"எப்படிப்பா முடியும்? தினம் நீங்க ஒரு கேள்வியோட வந்து நிக்கிறீங்களே."

"ஜக்கார்டு தறிக்குப் பூ போட அட்டை, உங்களுக்குப் பொஸ்தகம். அட்டை அறுந்தா தறி நின்னுடும். பொஸ்தகம் தொலைஞ்சா நாங்க இன்னா ஆவறது?"

எல்லோரும் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். ஆனால் காது மடல் சிவந்துபோவதை நான் ஜன்னல் வழியே பார்த்திருக்கிறேன். கொஞ்ச நாளில் பொஸ்தக டாக்டர் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். என் வீட்டுக்காரர் நல்ல எண்ணத்தோடுதான், ஆட்கள் எதிரில் அதை எடுக்காமல் இருந்தால் என்ன என்று கேட்டுப் பார்த்தார். "தப்பாக் குடுத்துட்டு மரியாதையா இருக்கறதைவிட இது மேல்" என்று சொல்லிவிட்டார் அவர். அந்தப் பதிலை உள்ளேயிருந்து கேட்ட அன்று நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

அப்போதுதான் என் பெண்ணுக்குக் காய்ச்சல் வந்தது. ஆறு வயது அவளுக்கு. முதலில் சாதாரணக் காய்ச்சல் என்றிருந்தோம், விடவில்லை. நாக்கு வெளுத்து, வயிறு உப்பி, கூப்பிட்டால் வேறெங்கோ பார்த்தாள். சின்ன டாக்டர் வந்து பார்த்து, விஷக்காய்ச்சல், டைஃபாய்டு என்றார். மஞ்சள் நூல் வைத்த பக்கத்தைத் திறந்தார்.

"இதுக்கு நல்ல மருந்து இருக்கும்மா. ஆனா அளவு முக்கியம். கூடிப்போனா ரத்தத்தைக் கெடுக்கும். கொறைஞ்சா காய்ச்சல் ஒளிஞ்சிருந்து திரும்ப வரும். குழந்தை எடை எவ்வளவு?"

யாருக்கும் தெரியவில்லை. எங்கள் தெருவில் எடை என்பது பட்டுக்கும் ஜரிகைக்கும்தான். முதலாளி வீட்டில் பட்டை நிறுத்துக் கொடுப்பார்கள், நெய்து கொண்டுபோன சேலையைத் திரும்ப நிறுப்பார்கள். தட்டு கொஞ்சம் மேலே எழுந்தால் முதலாளியின் புருவமும் எழும். பிள்ளைகளைத் தராசில் ஏற்றுகிற வழக்கமே கிடையாது. வளர்கிற பிள்ளையை நிறுத்தால் வளர்ச்சி நின்றுவிடும், கண் பட்டுவிடும் என்பார்கள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வாருங்கள், நிறுத்துக்கொள்ளலாம் என்றார் அவர். அவ்வளவு தூரம் வெயிலில் வேண்டாம், தெருக்கோடி அரிசி மண்டியில் நானே நிறுத்து வருகிறேன் என்று நாத்தனார் குழந்தையைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனார். நான் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தேன். திரும்பி வந்து ஓர் எடையைச் சொன்னார்.

டாக்டர் குழந்தையைப் பார்த்தார். புத்தகத்தைப் பார்த்தார். மறுபடி குழந்தையைப் பார்த்தார்.

"வயசுக் கட்டத்துல ஒரு அளவு வருது, எடைக் கட்டத்துல ரொம்பக் கொறைச்சலா வருதே. இவ்வளவுதானா எடை? நல்லாப் பாத்தீங்களாம்மா?"

"இன்னா டாக்டரே, நான் இன்னா பொய்யா சொல்றேன்? எங்கண்ணால பாத்துக்கினுதான் வரேன். உங்க பொஸ்தகத்துக்குப் புடிக்கலைன்னா நான் இன்னா பண்றது?" என்றார் நாத்தனார். வாசலில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

வயதைவிட எடைதான் சரியான கணக்கு என்று புத்தகத்தில் போட்டிருந்ததாம். அதை எங்களுக்குப் படித்துக் காட்டி, விளக்கம் சொல்லி, எடையின்படியே பொடியைப் பொட்டலம் பொட்டலமாக மடித்துக் கொடுத்தார். சிரிப்பு அடங்காத வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

காய்ச்சல் இறங்கியது. கோயிலில் தேங்காய் உடைத்தோம். பிறகு, அவர் சொன்ன மாதிரியே, ஒளிந்திருந்து திரும்பியது. இரண்டாவது தடவை வந்த காய்ச்சல் குழந்தையை நார் நாராக்கிவிட்டது. என் வீட்டுக்காரர் யாரையும் கேட்கவில்லை. வண்டி பிடித்துப் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார். கிளம்பும்போது சின்ன டாக்டர் அறை வாசலில் நின்று, "எடை சரிதானேம்மா, எடை சரிதானே?" என்று நாத்தனாரையே கேட்டுக்கொண்டிருந்தார். நாத்தனார் குழந்தையின் துணிமூட்டையைத் தூக்கிக்கொண்டு வண்டியில் ஏறிவிட்டார்.

குழந்தை பிழைத்தது. முடியெல்லாம் கொட்டி, நடக்க மறந்து, ஊர் திரும்பி வந்தது. அதற்குள் முன் அறை காலியாகியிருந்தது. பொஸ்தகம் பார்த்தே பிள்ளையைக் கொல்லப் பார்த்தான் என்று தெருவே பேசியதாம். மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

பெண்ணுக்கு முடி முளைக்க ஆரம்பித்திருந்த நாளில், நாத்தனார் அவள் தலைக்கு எண்ணெய் தடவிக்கொண்டே தானாகச் சொன்னார். "நல்ல வேளைம்மா, அன்னிக்கு எடையைக் கொறைச்சு சொன்னேன். முழுசா சொல்லியிருந்தா அந்த ஆளு இன்னும் எவ்ளோ மருந்தைக் குடுத்திருப்பானோ!"

"எதுக்கு அக்கா கொறைச்சு சொன்னீங்க?" என்றேன்.

"இன்னாமா கேக்கற? அத்தினி பேரு வாசல்ல நின்னுக்கினு இருக்காங்க. பொம்பளப் புள்ளையோட முழு எடையை யாராச்சும் வாய்விட்டுச் சொல்லுவாங்களா? கண்ணு பட்டுடாது?"

குழந்தையைத் தன் உயிராக வைத்திருந்தவர் அவர். பட்டணத்து ஆஸ்பத்திரியில் கட்டிலுக்குக் கீழே சாக்கு விரித்துப் படுத்துக் கிடந்தவர். அவரிடம் நான் என்னவென்று சண்டை போடுவேன்? காக்கிறோம் என்று நினைத்துத்தான் குறைத்தார். இன்னமும் காத்துவிட்டோம் என்றே நினைத்துக்கொண்டிருந்தார். வீட்டுக்காரரிடம் சொன்னேன். டாக்டருக்கு ஒரு கடிதம் போட வேண்டும் என்றேன். "எந்த ஊருன்னு போடுவ? பொண்ணு பொழைச்சுதா, அதோட விடு" என்றார். அவர் விட்டுவிட்டார். விடுவதென்பது எனக்குத்தான் வராதே. ஏதோ ஓர் ஊரில் அந்த மனிதர் தன் கணக்கையே திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார் என்ற எண்ணம் என்னைத் தின்றது. கணக்கு சரி, புத்தகம் சரி, நாங்கள் கொடுத்த எண்தான் தப்பு என்று அவருக்குச் சொல்ல ஆள் இல்லை.

வருஷங்கள் ஓடின. எழுபதுகளின் கடைசியில் அரக்கோணத்தில் ஒரு கைராசி டாக்டர் இருக்கிறார், முகத்தைப் பார்த்தே நோயைச் சொல்லிவிடுகிறார் என்று பேச்சு அடிபட்டது. முன்னே காஞ்சிபுரத்தில் இருந்தவர் என்றார்கள். அப்போது, பிறகு பிறந்த என் சின்னப் பையனுக்கு அடிக்கடி காய்ச்சல். அவனைக் கூட்டிக்கொண்டு ரயில் ஏறினேன்.

அவரேதான். உடம்பு பெருத்திருந்தது. வெளியே தெருவரை கூட்டம். மேஜை மேல் காகிதக் கட்டும் பேனாவும் தவிர ஒன்றுமில்லை. நான் பையனின் காய்ச்சலைச் சொல்லி முடிப்பதற்குள் பாதிச் சீட்டு எழுதியாகிவிட்டது. பிள்ளையார்பாளையம், முன் அறை, விஷக்காய்ச்சல் என்று அடையாளம் சொன்னேன். பேனா நின்றது.

"அந்தப் பொண்ணு..."

"கல்யாணம் ஆயி மாகறல்ல இருக்குது டாக்டர். நல்லா இருக்குது." பிறகு, பல வருஷமாக வாய்க்குள் வைத்திருந்ததைச் சொல்லிவிட்டேன். "அன்னிக்கு எடையைக் கொறைச்சு சொல்லிட்டாங்க டாக்டர். கண்ணு பட்டுடும்னு. உங்க பொஸ்தகம் சரியாத்தான் சொல்லிச்சு. நீங்களும் சரியாத்தான் குடுத்தீங்க."

அவர் முகத்தில் அந்தப் பழைய இளைஞன் ஒரு கணம் வந்து நின்றதாகப் பட்டது. அப்புறம் சிரித்தார்.

"அந்த ஊரை விட்டதும் அந்தப் புத்தகத்தைத் தூக்கிப் போட்டேன்மா. அதுக்கப்புறம்தான் ஜனங்க என்னை டாக்டர்னு மதிச்சாங்க. பாருங்க வெளியே. ஒருவிதத்துல நீங்க எனக்கு நல்லதுதான் பண்ணீங்க."

மீதிச் சீட்டையும் எழுதிக் கிழித்து நீட்டினார்.

"எடை பாக்கலியா டாக்டர்?" என்றேன்.

"முப்பது வருஷம் அனுபவம் இருக்கற மாதிரி ஆயிடுச்சும்மா எனக்கு. ஆளைப் பாத்தாப் போதாதா?" மணியை அடித்தார். அடுத்த ஆள் உள்ளே வந்துவிட்டார்.

ரயிலுக்கு நேரம் இருந்தது. அரக்கோணம் பிளாட்பாரத்தில், சிவப்பு விளக்கு எரிகிற எடை மெஷின் ஒன்று நின்றது. பையனை மேலே ஏற்றிக் காசு போட்டேன். உள்ளே சக்கரம் சுற்றி அட்டை விழுந்தது. ஒரு பக்கம் நல்ல காலம் பிறக்கும் என்று என்னவோ ஜோசியம், மறுபக்கம் எண்.

"எவ்ளோமா?" என்றான்.

வழியில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்க, துளியும் குறைக்காமல், முழு எடையையும் சத்தமாகப் படித்தேன். எடையைக் கேட்டு, புத்தகத்தில் விரல் வைத்துப் பார்த்து, சந்தேகம் வந்து மறுபடியும் கேட்பதற்குத்தான் ஆள் இல்லை.