ரத்து எந்த ஊர் வார்த்தை?

வக்கீல் தொழிலில் எதிராளியைக்கூடச் சமாளித்துவிடலாம். சொந்தக் கட்சிக்காரரின் சந்தேகப் பார்வையைச் சமாளிக்க எந்தச் சட்டக் கல்லூரியிலும் பாடம் கிடையாது. என்னோடு சேர்ந்து அவதிப்படும் கறுப்புக் கோட்டுக்காரர்களே, உங்களுக்குத் தெரியாததா?

கையும் ரத்தா?

வடகரைச் செல்லையா அண்ணாச்சி தென்னந்தோப்புக்காரர். வாய்க்கால் தகராறில் பக்கத்துத் தோப்புக்காரன் மண்வெட்டிக் காம்பால் அடித்து அவருடைய வலது கையை முறித்துவிட்டான். வழக்கை நடத்துவது அரசு வக்கீல். அண்ணாச்சி சார்பில் உதவிக்கு நான். அந்தச் சமயத்தில்தான் பழைய குற்றச் சட்டத்தை ரத்து செய்து புதுச் சட்டம் வந்தது. மறுநாளே அண்ணாச்சி பேப்பரும் கையுமாக வந்து நின்றார்.

"சட்டத்தையே ரத்து பண்ணிட்டாவளாம்லா. அப்ப எங் கை முறிஞ்சதும் ரத்தா?"

அருவித் தடை

பழைய குற்றத்துக்குப் பழைய சட்டம்தான் என்று எவ்வளவோ சொன்னேன். நம்பவில்லை. "அண்ணாச்சி, குத்தாலத்துல தண்ணி கூடுனா குளிக்கத் தடை போடுதாங்க. மறுநாள் எடுத்துருதாங்க. அதுக்காக, தடை இருந்தப்போ உள்ள போயி மாட்டுனவன விட்டுருவாங்களா?" என்றேன். என் சாமர்த்தியம் எனக்கே பிடித்திருந்தது. அண்ணாச்சி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"மேலகரத்துல ஒரு வக்கீல்ட்டயும் கேட்டேன். அவரும் இதே அருவியத்தான் சொன்னாரு. ரெண்டு பேரும் பேசி வச்சிருக்கியளோ?"

பூர்வீகம்

சந்தேகம் எனக்கும் தொற்றிக்கொண்டது. தினமும் வாயில் வரும் வார்த்தைக்கு உண்மையில் என்னதான் அர்த்தம் என்று அகராதியைப் புரட்டினேன். ரத்து அரபியில் பிறந்தது. திருப்பி விடுதல், ஏற்காமல் தள்ளுதல் என்று பொருள். உருது வழியாக நம் கோர்ட்டுக்குள் நுழைந்து உள்ளூர்க்காரனாகவே ஆகிவிட்டது. நடந்ததை நடக்காததாக்கும் என்று எங்கும் போட்டிருக்கவில்லை. அப்பாடா என்று அண்ணாச்சியிடம் போய்ச் சொன்னேன்.

"திருப்பி விட்டதுன்னா, எப்ப வேணாலும் திரும்பி வரும்லா?"

தீர்ப்பு

பழைய சட்டப்படியே எதிராளிக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது. அண்ணாச்சி என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கண் கலங்கியதைப் பார்த்து எனக்கும் கலங்கிவிட்டது. ஆனால் மேல்முறையீடு செய்ய அவகாசம் கொடுத்து, தண்டனையை நிறுத்திவைத்தார்கள். அன்று சாயங்காலமே அவன் தன் தோப்பில் வந்து நின்றான்.

அண்ணாச்சி மறுபடி என் வாசலில். "ரத்து பண்ணிட்டாவளா?"

"இல்ல அண்ணாச்சி, ரத்து இல்ல. நிறுத்திவைப்பு. இது நல்ல தமிழ் வார்த்தை" என்றேன். அவர் முறிந்த கையைத் தடவிக்கொண்டார்.

"வார்த்த எந்த ஊரா வேணா இருக்கட்டும் சார். எங் கை தமிழ்லதான் வலிக்கி."

மேல்முறையீடு இன்னும் நிலுவையில் இருக்கிறது. என் பேச்சிலிருந்து 'ரத்து' என்ற வார்த்தையை மட்டும் நான் ரத்து செய்துவிட்டேன்.