வானதியின் அணையாத கம்ப்யூட்டர்

வானதி எங்கள் கடைத்தெருவின் பெரிய பயந்தாங்கொள்ளி. மன்னார்குடியில் என் மருந்துக் கடைக்கு அடுத்த ஸ்டுடியோ அவளுடையது. கணவர் குணசேகரன் கல்யாணம், காதுகுத்து என்று கேமராவோடு ஊர் ஊராகப் போவார். இவள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஆல்பம் போடுவாள். கரப்பான் பூச்சிக்குப் பயம், கரண்டுக்குப் பயம், கதவைச் சாத்தினோமா இல்லையா என்று பயம். பூட்டிய பூட்டைத் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்க்காமல் வீட்டுக்குப் போகமாட்டாள். அவளைக் கிண்டல் செய்யாமல் எனக்குப் பொழுது போகாது.

ஆயுத பூஜைக்கு மறுநாள் மத்தியானம் அவள் ஓடி வந்தபோதும் கிண்டலாகத்தான் கேட்டேன். "என்னடி, பல்லி விழுந்துடுச்சா?"

"அக்கா, சிஸ்டம் அணைய மாட்டேங்குது. ஷட்டவுன் கொடுத்தா அணையுது, உடனே தானா ஆன் ஆவுது. உள்ள யாரோ உக்காந்து போடுற மாதிரி இருக்குக்கா."

மேற்கே வானம் கறுத்து இடி உருண்டுகொண்டிருந்தது. போன வருஷம் இதே மழைக்காலத்தில் இடி விழுந்து எதிர்வீட்டு டிவியும் பிரிட்ஜும் கருகிப்போனதை இரண்டு பேரும் பார்த்திருக்கிறோம்.

"பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டியதுதானே?"

"ஓடுறப்ப பிடுங்கினா ஹார்ட் டிஸ்க் போயிடும்னு மெக்கானிக் சொல்லியிருக்காரு. அணையிற நொடியில பிடுங்கலாம்னா, அதுக்குள்ள எழுந்துடுது. உள்ள ராஜாங்கம் ஐயா படம் இருக்குக்கா."

அதைக் கேட்டதும் கடையை அப்படியே விட்டுவிட்டு எழுந்தேன். போன மாதம்தான் திருக்கடையூரில் ராஜாங்கத்துக்கு அறுபதாம் கல்யாணம் நடந்தது. ஊர் திரும்பிய அதே வாரம், வயலுக்குத் தண்ணீர் வைக்கப் போன மனிதர் வரப்பிலேயே சாய்ந்து உயிரை விட்டார். அவர் மனைவி தர்மாம்பாள் இந்தக் கலாட்டா நடந்த அன்று சாயங்காலம்தான் படம் பார்க்க வருவதாக இருந்தது. குணசேகரனோ அடுத்த கல்யாணத்துக்காக கேமரா கார்டை அழித்துவிட்டார். வானதியிடமிருந்த பென்டிரைவில் இடமில்லை. மொத்தப் படமும் அந்தப் பழைய பெட்டிக்குள்தான்.

நாங்கள் ஸ்டுடியோவுக்குள் நுழையும்போதே கம்ப்யூட்டர் இன்னொரு முறை அணைந்து, ஒரு மூச்சு விட்டு, தானே எழுந்தது. எனக்கும் மயிர்க்கூச்செறிந்தது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

மெக்கானிக் ராம்கி போனில் சொல்லச் சொல்ல வானதி செய்தாள். செட்டிங்கில் தானாக ரீஸ்டார்ட் ஆவதை நிறுத்தினாள். மவுஸ், கீபோர்டு, பிரிண்டர் ஒயர்களைக் கழற்றி மாட்டிப் பார்த்தாள். மறுபடியும் எழுந்தது. இடி இப்போது தலைக்கு மேல் கேட்டது.

"பவர் பட்டன் சிக்கியிருக்கா பாருங்கம்மா" என்றான் ராம்கி.

குனிந்து பார்த்தேன். பட்டன் எங்கே தெரிந்தது? முந்தின நாள் பூஜையில் ஸ்டுடியோவில் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தவள், இந்தப் பட்டனுக்கு மட்டும் சந்தனத்தை அள்ளி அப்பி, நடுவில் குங்குமமும் வைத்திருந்தாள். எதற்குப் பயம் அதிகமோ அதற்குப் பொட்டும் பெரிது போலிருக்கிறது. சந்தனம் காய்ந்து பட்டனைப் பாதி அமுக்கியபடியே பிடித்திருந்தது.

"சாமிக்கு வச்சதை அழிக்கலாமாக்கா?"

"அழிக்காம விட்டா அந்தம்மா முகத்துல எப்படி முழிப்பே?" என்று கத்திவிட்டு, கடையிலிருந்து பஞ்சும் ஸ்பிரிட்டும் எடுத்து வந்தேன். அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டு துடைத்தாள். பட்டன் டக்கென்று வெளியே வந்தது.

ஷட்டவுன் கொடுத்தாள். அணைந்தது. காத்திருந்தோம், எழவில்லை. பிளக்கைப் பிடுங்கிய கையோடு மழை கொட்டத் தொடங்கியது.

அதற்குப் பிறகுதான் அவள் நிஜமாகப் பயந்தாள். "இனிமே ஆனே ஆகலேன்னா என்னக்கா பண்றது?" எனக்குக் கிண்டல் வரவில்லை.

மழை விட்டதும் தர்மாம்பாள் குடையை மடக்கிக்கொண்டு வந்தார். வானதி பிளக்கைச் சொருகி, கண்ணை மூடிக்கொண்டு பட்டனைத் தொட்டாள். திரை வெளுத்தது. மாலையும் கழுத்துமாக ராஜாங்கம் சிரித்தார்.

தர்மாம்பாள் ஒவ்வொரு படமாகப் பார்த்தார். பார்த்து முடித்தபோது மேற்கே மறுபடியும் இடி உருண்டது. வானதியின் கை தானாக மவுஸுக்குப் போனது.

"அணைச்சிடாதம்மா" என்றார் தர்மாம்பாள். "இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும்."

வானதி இடி வந்த திசையைப் பார்த்தாள். பிறகு கையை எடுத்துக்கொண்டாள்.